பெட்டிப் பலகை இறக்கை

என் அப்பா முத்துவீரன், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்குக் குறி அடித்தவர். தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்துத் தோட்டத்தின் பெயரையும் எடையையும் கறுப்பு மையால் பதிப்பார். போன மாதம் இறந்தார். சாவு வீட்டில் அவரைப் "பெரிய விஞ்ஞானி" என்றார்கள். உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்துச் சிரித்ததும் அதே வாய்கள்தான்.

ஓடையில் சக்கரம் வைத்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி, லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் ஒரு பல்பு எரித்தார். சுவரில் சனிக்கிரகத்தை வளையத்தோடு வரைந்து, பக்கத்தில் பயணச் சாமான் எழுதினார்: ரொட்டி நாற்பது, சீனி இரண்டு றாத்தல்.

"அண்ணே, சந்திரனுக்குப் போனா அன்னைக்குப் பேரு விழுமா?" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கேட்பார்கள். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம்.

"சாயங்காலம் திரும்பிருவேன். அரைப்பேராவது போடுவாங்க."

1961இல், கழித்துப்போட்ட பெட்டிப் பலகையில் பதினெட்டடி இறக்கை செய்தார். மேற்புறம் வெள்ளை பூசி மேகம் வரைந்தார். அடிப்புறத்துக்கு வர்ணம் போதவில்லை. தோட்டத்தின் பெயர் அங்கே அப்படியே இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். துரை பக்கத்தில் நிற்க, கணக்கப்பிள்ளை பேசினார்.

"தோட்டத்துப் பலகை. திருட்டுன்னா வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. மாரியம்மன் தேருக்குச் செஞ்சதுன்னா தொரை மன்னிச்சிருவாரு. என்னத்துக்குடா செஞ்ச?"

"பறக்குறதுக்குங்க."

களமே சிரித்தது. "மொதல்ல மலையேறக் கத்துக்கடா!"

கண்டியில் தொழிற்பயிற்சியில் இருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"தேருக்குத்தாங்க," என்றேன். "அப்பா வெளையாட்டுக்குச் சொல்றாரு."

"படிச்ச புள்ள சொல்லுது. நெசமாடா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாங்க."

வேலை தப்பியது. மாரியம்மன் தேரின் உச்சியில் இறக்கையைக் கட்டினார்கள். அப்பாவை முன்வடம் பிடிக்கவைத்தார்கள். ஸ்டோர் வளைவில் இறக்கை பலாக் கிளையில் மோதிப் பிளந்தது. "பறந்துருச்சுடோய்!" என்று கத்தினார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவர் எதையும் செய்யவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

கருமாதி முடிந்ததும் கணக்குப் போட்டேன். பரப்பு, எடை, மலைச் சரிவு. அது பறந்திருக்காது. நாலு தடவை அதைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடிப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அடுத்ததை இலேசாகச் செய்திருப்பார். என் சொல்லால் அவர் ஒரு தடவைகூட ஓடவில்லை.