ஓம், கண்டோஸ் நான்தான் தின்கிறேன்

மொன்றியலில் சொக்லேட் உறையின் மேல் பரீட்சைப் புள்ளி மாதிரி ஓர் இலக்கம் போட்டிருக்கும். எழுபது வீதம், எண்பத்தைந்து வீதம். கூடக்கூடக் கசப்பு. காசு கொடுத்துக் கசப்பை வாங்குகிற சனத்தை இங்கேதான் கண்டேன். எங்கள் பக்கத்தில் சொக்லேட் என்றாலே கண்டோஸ். கொழும்பிலிருந்து யாராவது வந்தால் ஆளுக்கொரு துண்டு, பாதி உறையில் ஒட்டியபடி கிடைக்கும். வில்லரேயில் எங்கள் வீட்டுக்குக் கீழே, தெப்பனர் என்று இவர்கள் சொல்லும் மூலைக்கடையில், பாலுக்குப் பக்கத்தில் இந்தக் கசப்புச் சொக்லேட் சாதாரணமாகக் கிடக்கிறது.

வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து சோறு கொதிக்கும் மணமே எனக்கு ஆகவில்லை. புட்டு, பாண், பழம் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. தங்கியது அந்தக் கசப்புச் சொக்லேட் மட்டும். அதைக் கட்டிகட்டியாகத் தின்றேன். போன வருடம் ஒரு பிள்ளை கலைந்துபோனதால் ஒவ்வொரு துண்டையும் பயந்து பயந்துதான் விழுங்கினேன். போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஃபோன் வந்திருந்தது. இங்கிருந்து எடுத்தால், ஃபோன் அட்டையில் காசு முடியும்வரை அம்மாவுக்கு ஒரே பேச்சுத்தான்.

"கண்டோஸ் தின்னாதை பிள்ளை. குழந்தை கறுத்துப்போகும், கரப்பனும் வரும்."

"வேற ஒண்டும் வயித்திலை நிக்குதில்லை அம்மா."

கறுத்தால் கறுக்கட்டும், நானும் கறுப்புத்தான். இந்தப் பிள்ளையாவது எனக்கு மிஞ்ச வேண்டும். ஆனால், கோப்பியில் இருப்பது சொக்லேட்டிலும் இருக்கிறது, அது கருவுக்குக் கூடாது என்று பூசை முடிந்து வரும்போது ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரையும் போய்விட்டது.

கிளினிக்குக்கு அன்றைக்குத் தனியாகத்தான் போனேன். இவருக்குத் தொழிற்சாலையில் லீவு இல்லை. பிரெஞ்சில் எனக்கு வணக்கமும் நன்றியும்தான் தெரியும். வெறும் உறையைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தாதியின் மேசையில் வைத்தேன்.

"கி மான்ஜ் ஸா?" என்று கேட்டாள்.

நீயா தின்கிறாய் என்கிறாளாக்கும் என்று நினைத்தேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு "ஓம்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆ, லொம்!" என்று விரலை ஆட்டி, உறையை என்னிடமே தந்து அனுப்பினாள். சிரிக்கிறாளே, அப்படியானால் பயமில்லை என்று எனக்கு உயிர் வந்தது. வழியில் இன்னொரு கட்டி வாங்கினேன்.

மாலையில் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சரும், ஆர் தின்னிறது எண்டெல்லோ அவள் கேட்டிருக்கிறாள். ஓம், லொம் எண்டால் இவையளின்ரை பாஷையிலை ஆம்பிளை. நான் தின்னிறன் எண்டு நினைச்சிருப்பாள்."

"அப்ப பிள்ளைக்குக் கூடாதோ?"

"எனக்கென்னெண்டு தெரியும்? பேந்து கேப்பம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைக் கண்டதும் அடக்கிக்கொண்டார். ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்களும் சிரிப்பீர்கள். கிளினிக்குக்கு ஃபோன் எடுத்தால் இயந்திரம்தான் பிரெஞ்சில் பேசுகிறது. அடுத்த முறை வரச்சொன்னதற்கு இன்னும் நாள் கிடக்கிறது. பட்டினி கிடந்தால் பிள்ளைக்குக் கேடு. தின்றால் என்னவென்று சொல்ல ஆளில்லை.

நேற்று மத்தியானமும் சோறு தங்கவில்லை. அழுதுகொண்டே ஒரு துண்டை வாயில் போட்டேன். சற்று நேரத்தில் உள்ளே உதைத்தது.

"சுகமா இருக்கிறியோ?" என்று கேட்டேன்.

திரும்பவும் ஓர் உதை. ஓம் என்கிறது. அது என்னுடைய ஓமோ, அந்தத் தாதியுடைய ஓமோ, எனக்கு விளங்கவில்லை.