குழலியின் வண்டிக்கு எந்த ஆயில்?

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் யாராவது வீடு மாறினால் முதல் போன் ஏலவார்குழலிக்குத்தான் போகும். கட்டில், பீரோ ஏற்ற ஊரில் வண்டிக்குப் பஞ்சமில்லை. தறி ஏற்றுவது வேறு வேலை. பாதி நெய்த புடவையோடு, ஆயிரக்கணக்கான பட்டு இழைகளோடு தறியைப் பிரித்து, ஓர் இழைகூடச் சிக்காமல் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். குழலி அதைப் பத்து வருடமாகச் செய்துவருகிறாள். எந்தத் தெருவில் எத்தனை வேகத்தடை என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவள் பிறந்தது நெசவுக் குடும்பத்தில் இல்லை. சொந்த ஊர் கூரம், விவசாயக் குடும்பம். பதினேழு வயதில், அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து டிராக்டரை எடுத்து, வரப்பில் ஏற்றி மாட்டிக்கொண்டாள். திட்டு வாங்கிய கையோடு முறையாகவும் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி காஞ்சிபுரம் வந்தாள். கணவர் பூவராகவன் பட்டுக் கடையில் விற்பனையாளர். காலை முதல் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவர். அவருக்கு சைக்கிளே போதும். பழைய பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கி நானே ஓட்டுகிறேன் என்று குழலி சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: ரிவர்ஸ் வருமா? வரும் என்றாள். சரி என்று விட்டார்.

அந்த வண்டிக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்பதில்தான் போன வருடம் வீடு இரண்டுபட்டது.

அதுவரை ஆயில் மாற்றிவந்தவர் செவிலிமேட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சிவராஜ். ஐம்பது வயதுக்காரர், பொறுமைசாலி, தன் கருத்துகளில் மட்டும் பிடிவாதம். அவர் எப்போதும் சாதா ஆயில்தான் ஊற்றுவார். அந்த முறை ஆயில் மாற்றும் தேதி நெருங்கியபோது, ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குழலியின் தம்பி விக்ரம் குறுக்கே வந்தான். இந்தக் காலத்தில் யாராவது சாதா ஆயில் ஊற்றுவார்களா, சிந்தெடிக் ஊற்று என்றான். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் எஞ்சின் சூடானாலும் அது இளகாது, சீக்கிரம் கெடாது, பத்தாயிரம் கிலோமீட்டர் வரை திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று போனில் படம் படமாகக் காட்டினான்.

சிவராஜ் இதைக் கேட்டுச் சிரித்தார். வண்டி ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, பழைய எஞ்சினுக்குள் சிந்தெடிக்கை விட்டால் உள்ளே படிந்திருக்கும் அழுக்கையெல்லாம் கழுவி, அடைபட்டிருக்கும் சந்துகளையெல்லாம் திறந்துவிடும், அப்புறம் தெருவெல்லாம் ஒழுகும் என்றார். இருவரும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்: இரண்டையும் கலக்கவே கூடாது, கலந்தால் தயிராகத் திரிந்துவிடும்.

இரண்டு வாரம் இந்தப் பேச்சு நடந்தது. கடைசியில் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் டப்பாவும் ஸ்பேனருமாக வந்து வாசலில் நின்றான். ஆசையாக வாங்கி வந்தவனை எப்படித் திருப்பி அனுப்புவது? அவனே வண்டிக்கு அடியில் படுத்து, பழைய ஆயிலை வடித்து, சிந்தெடிக்கை ஊற்றினான். வண்டியை ஓட்டிப் பார்த்த குழலிக்கு எஞ்சின் சத்தம் கொஞ்சம் குறைந்ததுபோலவே இருந்தது. சிவராஜிடம் அதைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மாறிப்போனது. திங்கட்கிழமை தோறும் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டைத் திறந்து, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு ஆயில் அளவு பார்ப்பது அவள் வழக்கம். பத்தாயிரம் கிலோமீட்டர் வரை திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று தம்பி சொன்ன பிறகு அதை விட்டுவிட்டாள்.

ஆறு வாரம் போயிற்று. மஹாலட்சுமி என்ற நெசவுக்காரப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. அவளும் கணவன் குப்புசாமியும் பதினெட்டு வருடம் வாடகை வீட்டில் நெய்து, தாமலில் சொந்தமாக வீடு கட்டியிருந்தார்கள். நெய்வதற்கென்றே உயரமான கூரையோடு ஓர் அறை. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும், அதற்கு முன் தறி புது வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. தறியில் அரக்கு நிறத்தில் ஒரு கல்யாணப் புடவை பாதி நெய்தபடி இருந்தது.

எட்டரைக்கெல்லாம் ஏற்றி முடித்தார்கள். குழலி அடியில் மெத்தை விரித்து, மரச்சட்டங்களைக் கட்டி, நெய்த பாகம் சுற்றிய உருளையை வேட்டித் துணியால் போர்த்தினாள். இழைகள் ஆடாமல் பிடித்துக்கொள்ள குப்புசாமி பின்னால் உட்கார்ந்தார். மஹாலட்சுமி முன்னால், மடியில் சாமி படத்தோடு. வண்டி மாட்டு வண்டி வேகத்தில் கிளம்பியது.

வெள்ளைகேட் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், குழலியின் எதிரே மீட்டர் பலகையில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கூஜா போன்ற படம் போட்ட, ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு. அவள் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். மணி ஒன்பது நாற்பது.

கம்பியை உருவிப் பார்த்தாள். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்தாள். ஆயிலை வடிக்கும் போல்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு, விழுந்து, அடுத்தது திரண்டது. ஸ்பேனரை எடுத்து போல்டைக் கால் சுற்று இறுக்கினாள். சொட்டுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் உள்ளே ஆயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதோடு வண்டி போச்சு.

மஹாலட்சுமியின் முகம் வாடிவிட்டது. பின்னாலிருந்து குப்புசாமி என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இழையை விட்டு இறங்க முடியாது அவரால்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பஞ்சர் கடை ஒன்று இருந்தது. குழலி ஓடிப்போய்க் கேட்டாள். சாதா ஆயில்தான் இருந்தது. சிந்தெடிக் அங்கே யாரும் கேட்பதில்லையாம். இருக்கட்டும் என்று ஒரு பெரிய டப்பா வாங்கிக்கொண்டாள். விக்ரமுக்குப் போன் போட்டாள். அவன் ஷிப்டில் இருந்தான், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. சிவராஜ் எடுத்தார். கலக்காதேம்மா, நான் கருவிப் பெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், பதினொன்றரை ஆகும் என்றார்.

பதினொன்றரை. குழலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. தம்பி சொன்னான், மெக்கானிக் சொன்னார். வண்டியைச் செய்தவன் என்ன சொல்கிறான் என்று அவள் பார்த்ததே இல்லை. இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு பிளாஸ்டிக் உறைக்குள், வண்டியோடு வந்த புத்தகம் இத்தனை வருடமும் கசங்காமல் கிடந்தது. எடுத்து மஹாலட்சுமியிடம் கொடுத்தாள்.

"பன்னண்டாவது வரைக்கும் படிச்சேன்னு சொன்னியே. ஆயில்னு எங்க போட்டிருக்குது பாரு."

மஹாலட்சுமி சாமி படத்தை இருக்கையில் வைத்துவிட்டுப் பக்கம் புரட்டினாள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படித்தாள்.

"அக்கா, சாதாவோ சிந்தெடிக்கோ எதுனாலும் ஊத்தலாமாம். நம்பர்தான் முக்கியமாம். பதினஞ்சு, டபிள்யூ, நாப்பது." இன்னொரு வரிக்கு விரலை நகர்த்தினாள். "கொறஞ்சிபோச்சுன்னா அதே நம்பர்ல வேற ஆயிலும் சேக்கலாம்னு இருக்குதுக்கா. அப்பால சீக்கிரமா மொத்தமும் மாத்திடணுமாம்."

"தயிராப் பூடும்னு எங்கியாவது போட்டிருக்குதா?"

"அதெல்லாம் இல்லக்கா."

குழலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அதே எண். கம்பியைப் பார்த்துப் பார்த்து, மேல் கோடு வரும்வரை ஊற்றினாள். சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்து, ஒரு நொடி நின்று, அணைந்தது. இரண்டு நிமிடம் காத்திருந்தாள். விளக்கு வரவில்லை. எஞ்சின் எப்போதும்போல் உறுமிக்கொண்டிருந்தது.

தாமல் ஏரிக்கரை தெரிந்தபோது மணி பத்து பத்து. வாசலில் காத்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கை கொடுக்க, பத்து இருபத்தைந்துக்கு தறியின் முதல் சட்டம் உள்ளே போனது. குப்புசாமி இழைகளைத் தோளில் தாங்கி, பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல் நடந்தார். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. மஹாலட்சுமி எல்லோரையும் விட்டுவிட்டு முதல் இலையில் குழலியை உட்கார வைத்து, கேசரி இரண்டு தரம் போட்டாள்.

சனிக்கிழமை சிவராஜின் பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். விக்ரம் லீவு போட்டு வந்திருந்தான். பார்த்தாயா, நான் சொன்னேனே, சிந்தெடிக் ஒழுகும் என்று தொடங்கியபடியே சிவராஜ் வண்டிக்கு அடியில் போனார். வெளியே வரும்போது அவர் குரல் மாறியிருந்தது. உள்ளங்கையில் நசுங்கித் தேய்ந்த செம்பு வாஷர் ஒன்று இருந்தது. போல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே போடுவது. ஆயில் மாற்றும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். விக்ரம் பழையதையே போட்டு முடுக்கியிருந்தான்.

விக்ரம் தலையைச் சொறிந்தான். சிவராஜுக்கும் முழு மகிழ்ச்சி இல்லை. அவர் சொன்ன சந்து எதுவும் திறந்துகொள்ளவில்லையே.

குழலி இருவரையும் பார்த்தாள். "வாஷருக்கும் சிந்தெடிக்குக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? ரெண்டு பேரும் ஆயிலயே பேசிக்கினு இருந்தீங்க. நானும் உங்களக் கேட்டுக்கினு, குனிஞ்சி பாக்காம வுட்டுட்டேன். ஆறு வாரம்."

டீ வந்தது.

அன்றே பழையதை வடித்து முழுசாக மாற்ற வேண்டியிருந்தது. என்ன ஊற்றட்டும் என்று சிவராஜ் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் குழலியிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் புத்தகத்தை வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகளோடு உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருந்தாள். என் வண்டி நாளெல்லாம் ஊருக்குள்ளேயே மூன்று, நான்கு கிலோமீட்டராக ஓடுகிறது, பாரத்தோடு மெதுவாகப் போகிறது, தூசு வேறு, இப்படி ஓடினால் எந்த ஆயிலானாலும் சீக்கிரம் மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறது, சீக்கிரம் மாற்றப்போகிற ஆயிலுக்கு எதற்கு இரட்டை விலை, சாதாவையே ஊற்றுங்கள் என்றாள். சிவராஜ் முகம் மலர்ந்தது. ஆனால் நீங்கள் வழக்கமாக மாற்றச் சொல்லும் கணக்குக்கு ஆயிரம் கிலோமீட்டர் முன்னாலேயே வருவேன், புது வாஷர் போடுவதை நின்று பார்ப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். விக்ரமிடம், நீ பெங்களூருக்கு ஓட்டுகிற மாதிரி புது வண்டி வாங்கு, அதற்கு உன் சிந்தெடிக்கை நானே வாங்கித் தருகிறேன் என்றாள். அவனுக்கு அது தோல்வியாகப் படவில்லை.

அந்த ஆயிலை விக்ரமே மாற்றினான். சிவராஜ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாஷரை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து லீவு நாட்களில் விக்ரம் அந்தப் பட்டறைப் பக்கம் போகிறான். இப்போது இருவருக்கும் டயர் விஷயத்தில் சண்டை ஆரம்பித்திருக்கிறது. குழலி அதில் இன்னும் வாய் திறக்கவில்லை. புத்தகத்தில் டயர் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வருகிறது. அவள் முப்பத்தைந்தில் இருக்கிறாள்.