இருட்டுவதற்கு முன்

பிள்ளைகளை விடுதியில் விட்டிருக்கும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய சமயம் என் ஒரே மகன் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்தான். விடுதிக் கட்டணத்துக்காக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்த கொல்லையை விற்றோம்.

விடுமுறைக்குத் திண்டிவனம் வரும்போதெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்: “பட்டணம் போயி நம்ம வழக்கத்த விட்டுட்டியாடா?”

“இல்லம்மா. இருட்டினப்புறம் வாயில ஒண்ணும் வைக்கிறதில்ல.”

எனக்குப் பெருமை தாங்காது. கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். அவன் இளைத்திருந்ததைப் படிப்புக் களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் இருமலோடு வந்தான். காசநோய் என்றார்கள். அந்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை.

அவனோடு ஒரே அறையில் இருந்த விழுப்புரத்துப் பிள்ளை துக்கம் கேட்க வந்தான். “அங்க ராச்சோறு எட்டு மணிக்குத்தாம்மா போடுவாங்க. முன்னாடியே குடுங்கன்னு இவன் கேட்டுப் பாத்தான், ஒத்துக்கல. மத்தியானம் சாப்பிட்டதோட சரி. ரூம்ல செவுரெல்லாம் ஈரம். அங்கயே பசியோட படிச்சிக்கினு இருப்பான்” என்று அழுதான்.

நாங்கள் கட்டிய பணத்தில் அந்த ராச்சோறும் சேர்த்தி.

இப்போது எங்கள் ஊரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிலர் என் வீட்டில் சாப்பிடுகிறார்கள். வழக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் கேட்பதில்லை. பொழுது சாய்வதற்குள் இலை போட்டுவிடுகிறேன். யாராவது நேரங்கழித்து வந்து நின்றால், விளக்கை ஏற்றிவைத்து அப்போதும் சோறு போடுகிறேன்.