முன்சக்கரத்தடியில் எண்ணெய்க் கறை

சென்ற மாசியில் மெட்ராஸிலிருந்து எங்கள் பழைய காரில் ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போயிருந்தோம். தரிசனம் முடிந்து வந்தபோது முன்சக்கரத்தடியில் தரை எண்ணெயால் நனைந்திருந்தது. வடக்குப்பட்டிலிருக்கும் தன் தங்கைக்காக மனைவி கொண்டுவந்த நல்லெண்ணெய்தான் கொட்டிவிட்டது என்று அவளைத் திட்டினேன்.

“நான் கொட்டலீங்க. பாட்டில் ரொம்பித்தான் கீது, பாருங்க” என்றாள். நான் பார்க்கவில்லை.

அங்கிருந்து தங்கை வீட்டுக்குப் போகும் வழியில், ஒரகடத்தை நெருங்கும்போது பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன்.

ஏரிக்கரைச் சரிவில் இறங்கினால், எதிரே சாலை முழுக்கக் கேழ்வரகுக் கதிர். வண்டிச் சக்கரம் ஏறித் தானியம் உதிரட்டும் என்று பரப்பியிருந்தார்கள். நாலைந்து பெண்கள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது, வேகம் குறையவில்லை. ஹாரனை அழுத்தினேன்.

ஓர் அம்மாள் சிரித்தபடி ஒதுங்கிக் கையசைத்தாள். “வா சாமி, மேலயே ஏத்திக்கினு போ!”

இன்னொருத்தி முதுகைக் காட்டிக் குனிந்தபடியே இருந்தாள்.

“பிரேக் இல்ல, ஓடுங்க!” என்று மனைவி அலறினாள். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சாலையோர வைக்கோல் போரில் வண்டியை மோதவிட்டேன். குனிந்திருந்தவள் பிழைத்தாள். அவள் முந்தானையில் ஒரு துண்டு எங்கள் பம்பரில் தொங்கியது.

ஒழுகியது பிரேக் ஆயில். நல்லெண்ணெய் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

இப்போதெல்லாம் கிளம்புமுன் சக்கரத்தடியைப் பார்க்கிறேன், பெடலை மிதித்துப் பார்க்கிறேன். எல்லாம் சரி என்று நான் சொன்னாலும், என் மனைவி தானும் ஒருமுறை குனிந்து பார்த்த பிறகுதான் ஏறுகிறாள்.