வழவழவென்றிருந்த தோள்

பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துவது ஜில்லா போர்டில் என் வேலை. ஒரு வாரம் கழித்துப் பார்த்து, குத்திய இடத்தில் கொப்புளம் கிளம்பியிருந்தால்தான் பதிவேட்டில் ‘பலித்தது’ என்று எழுத வேண்டும். அன்று குற்றாலத்துச் சாரல் தென்காசிவரை அடித்தது. போன வாரம் குத்திய பிள்ளைகளைப் பார்க்க, நனைந்துகொண்டு வடகரைக்கு யார் போவது? ஆபீசிலேயே உட்கார்ந்து எல்லாக் குழந்தைக்கும் ‘பலித்தது’ போட்டேன்.

அப்போது சந்தைக்கு வந்த வடகரைப் பெண்ணொருத்தி இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்றாள்.

“ஒங்க கைராசி அய்யா! காய்ச்சலும் இல்ல, ஒரு கொப்புளங்கூட இல்ல. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

தோளைத் தொட்டேன். வழவழவென்றிருந்தது. பெரியம்மை என் பதிவேட்டைப் படித்துவிட்டா வரும்?

விஷயத்தைச் சொல்லி மறுபடியும் குத்தினேன். பிள்ளை வீறிட்டது.

“அழாதட்டி, அய்யா ஒனக்காவத்தான செய்யுதாவ.”

எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, பிள்ளைக்குக் குடை பிடித்தபடி அவர்களோடு வடகரைக்குக் கிளம்பினேன். அங்கே இன்னும் எத்தனை தோள் வழவழவென்றிருக்கிறதோ!