பாலத்தின் நடுவில் முடியும் உத்தரவு

உங்கள் தம்பியின் உயிரைக் காக்க நீதிமன்றம் ஓர் உத்தரவு போடுகிறது. ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் போனதும் அது வெறும் தாளாகிவிடும் என்றால், அதைச் சட்டம் என்று ஒப்புக்கொள்வீர்களா?

ஆர்லீனுக்கு வயது ஐம்பத்து மூன்று. மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம், இல்லினாயில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகச் சமைக்கிறாள். எந்தப் பிள்ளை காலையில் பட்டினியாக வந்திருக்கிறது என்று தட்டை நீட்டும் வேகத்திலேயே கண்டுபிடிப்பாள். துப்பாக்கியை வெறுப்பவள் அல்ல. ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போகிறவள்.

அவள் தம்பி டெல்பர்ட் சோளம் பயிரிடுகிறவன். வசந்தத்தில் அவன் மனைவி புற்றுநோயில் இறந்தாள். ஆகஸ்டில் ஒருநாள், "நான் அறுவடை வரைக்கும்கூட தாங்க மாட்டேன்க்கா" என்றான். ஆர்லீன் நேராக நீதிமன்றத்துக்குப் போனாள். ஆறு மாதத்துக்கு அவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவானது. காவலர்கள் வந்து அவன் வீட்டிலிருந்த ஐந்தையும் எடுத்துப் போனார்கள். இரண்டு மாதம் அவன் அக்காவோடு பேசவில்லை.

அதனால்தான் அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை அவன் போன் செய்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, ராய்ஸ் மாமா வண்டி வேணும். வாஷிங் மெஷின் தூக்கணும். என் வண்டி மக்கர் பண்ணுது."

"சாவி வண்டியிலதான் இருக்கு, எடுத்துட்டுப் போடா."

எங்கள் ஊரில் வண்டி இரவல் கேட்டால் காரணம் கேட்பதில்லை. கேட்டால் அது அவமானம். அவள் கணவன் ராய்ஸ் அக்கரையில், மிசூரி மாநிலத்தில், சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறான். அங்கே அவன் அம்மா வீட்டு முகவரியில்தான் வண்டியைப் பதிவு செய்திருந்தான். எனவே அந்த நீல வண்டியில் இருந்தது மிசூரி நம்பர் பலகை.

ஒரு மணி நேரம் கழித்து, சூப் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள் ஆர்லீன். அவன் வீட்டில் இல்லை; நாய்க்கு மூன்று நாளைக்கான தீனியை வாளியில் கொட்டி வைத்திருந்தான். அவன் வண்டி வாசலில் நின்றது. சாவியைத் திருப்பினாள், உடனே கிளம்பியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அக்கரையில் மாதத்தின் முதல் சனிக்கிழமை துப்பாக்கிச் சந்தை. மேசை போட்டு விற்கும் தனி ஆட்கள் வாங்குகிறவனைப் பற்றிப் பின்னணி விசாரணை செய்ய வேண்டியதில்லை. வெளிமாநிலத்தானுக்கு விற்பதுதான் குற்றம். அதற்கு அவர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று: வண்டியின் நம்பர் பலகை.

தன் காரைப் பாலத்தில் ஓட்டியபடியே அக்கரைக் காவல் நிலையத்துக்குப் பேசினாள்.

"அது இல்லினாய் உத்தரவும்மா. எங்க மாநிலத்துல அப்படிச் சட்டமே இல்ல. அவர் இங்க என்ன தப்பு பண்ணிட்டாரு?"

"பண்ணின பிறகு பிடிக்கிறதுக்கு அவன் இருக்க மாட்டான்யா!"

சந்தைக் கொட்டகை வாசலில் இறங்கி ஓடினாள். முதல் மேசைக்காரன் அவள் காரின் இல்லினாய் நம்பர் பலகையைப் பார்த்துச் சிரித்தான்.

"இல்லினாய்க்காரிக்குத் தர மாட்டேம்மா. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்."

"நீல வண்டி. ஒல்லியா, தாடி வச்ச ஆளு. வித்தியா?"

"நம்ம ஊருக்காரன்தானே அவன்? இப்பதான் பின்பக்கம் போனான்."

பின்பக்கத்து மண் தரையில் கடைசி வரிசையில் நீல வண்டி நின்றது. டெல்பர்ட் உள்ளே உட்கார்ந்திருந்தான். மடியில் போர்வை சுற்றிய நீளப் பொட்டலம். அவள் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினாள். அவன் திரும்பவில்லை.

"இறங்குக்கா."

"மாட்டேன்."

"நீ பார்க்கக் கூடாது."

"அப்ப கொடு. நீ கொடுக்குற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன். திங்கட்கிழமை நானூறு பிள்ளைங்களும் பட்டினி கிடக்கட்டும். உன்னாலதான்னு எல்லாருக்கும் சொல்லுவேன்."

அவன் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தார்கள். பிறகு பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் அதைக் கொண்டுபோய் அதே மேசையில் போட்டாள். "பணம் வேணாம். வச்சுக்கோ." தம்பியை அங்கிருந்தே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இன்று அவன் உயிரோடு இருக்கிறான். அந்தத் துப்பாக்கி அன்று மாலைக்குள் வேறொருவருக்கு விற்றுப்போனது. யாருக்கு என்று எந்த ஏட்டிலும் இல்லை.

மாநில உரிமை என்று வாதிடுகிறவர்களைக் கேட்கிறேன்: டெல்பர்ட்டைக் காப்பாற்றியது எந்த மாநிலம்? இரண்டுமே இல்லை. வேகமாக வண்டியோட்டத் தெரிந்த ஒரு சமையற்காரி காப்பாற்றினாள். அன்று அவள் சூப் கொண்டுபோகாமல் இருந்திருந்தால்? பாதி நாட்டில் மட்டும் செல்லும் பாதுகாப்பு பாதுகாப்பே அல்ல. ஐம்பது மாநிலங்களுக்கும் ஒரே விசாரணை, ஒரே தடைப் பட்டியல் வேண்டும்.

இந்த நாட்டில் உங்களுக்கு ஓட்டு இருந்தால், இந்த வாரமே உங்கள் பிரதிநிதிக்கு இதை எழுதுங்கள். ஓட்டு இல்லையென்றால், இங்கே ஓட்டுள்ள உறவினர் ஒருவரையாவது கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.