நான் ஹராமாக்கிய புத்தகம்

"புத்தகம் போட்டிருக்கிறீங்களாமே, எங்களுக்கு ஒண்டு இல்லையா?"

இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு நினைவில்லை. காசைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டவர் ஒருவருமில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கரைக்கு வந்த மீன்காரனிடம் போய், "கடலுக்குப் போனியாமே, எனக்கு ஒரு பாரை இல்லையா?" என்று எவனும் கேட்கமாட்டான். கேட்டால் துடுப்பால் வாங்குவான். எழுதுகிறவனிடம் மட்டும் எதையும் கேட்கலாம், ஏனென்றால் அவனிடம் துடுப்பு இல்லை. இந்த வயதிலும் அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எனக்கு உச்சி கொதிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம் அது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் சில வருடங்கள் இருந்தன. நான் இலங்கையின் மேற்குக் கரையில், மாம்புரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடும் அங்கேதான். மூன்று வருடங்கள் மினக்கெட்டு ஒரு நீண்ட கதை எழுதினேன். எங்கள் கரையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை, புருஷனைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அதற்குப் பிறகு அவள் எப்படிப் பிழைக்கிறாள் என்பதுதான் கதை.

அந்த நாளில் புத்தகம் போடுவதற்கு ஒரு வழிதான் இருந்தது. ஒரு பெரிய மனிதரைப் பிடிக்கவேண்டும். எங்கள் பகுதியில் அப்படி ஒரு தென்னந்தோட்ட முதலாளி இருந்தார். கையெழுத்துப் பிரதியோடு அவரிடம் போனேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "முதல் பக்கத்துல எண்ட படம். அடுத்த மூணு பக்கத்துல எங்கட குடும்பத்தப் பத்தி நீங்க ஒரு பாட்டுக் கட்டணும். மிச்சத்துல உங்கட கதையப் போடுங்க. நூறு பிரதி நான் வாங்குறேன்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். உம்மா வழியில் வந்த காணித் துண்டு ஒன்றை விற்று, கொழும்பில் நானே அச்சடித்தேன். கட்டுக்கள் ரயிலில் புத்தளத்துக்கு வந்து, அங்கிருந்து கடல்நீர் ஏரியான களப்பைத் தாண்டி வள்ளத்தில் வீட்டுக்கு வந்தன. வள்ளக்காரர் கட்டுக்களை நனையாமல் இறக்கித் தந்தார். அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு மரியாதை வேறு யாரும் செய்யவில்லை.

அச்சகத்தார் ஒரு வேலையைப் பாதியில் விட்டிருந்தார்கள். தாளை மடித்துத் தைத்தவர்கள், மடிப்பை வெட்டவில்லை. வாசிக்கிறவர் கத்தி வைத்து ஒவ்வொரு மடிப்பாக வெட்டிக்கொண்டு போகவேண்டும். முதலில் அச்சகத்தாரைத் திட்டித் தீர்த்தேன். பிறகு அது எனக்கு உதவியாக இருந்தது. யார் வாசித்தார், யார் வாசிக்கவில்லை என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். முதலாளியும் வந்தார், கோபம் மறந்தவராக. புத்தளத்திலிருந்து, கோர்ட்டில் வழக்குப் பேசும் ஒரு புரொக்டர் வந்து முக்கால் மணித்தியாலம் பேசினார். "மார்க்க விஷயத்தில் இந்த நூலில் ஒரு பிழை காண முடியாது" என்று மேசையில் தட்டிச் சொன்னார். தட்டிய கைக்குக் கீழே புத்தகம் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மடிப்புக்கூட வெட்டப்பட்டிருக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்பத் குடித்துவிட்டு, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். எல்லாம் அன்பளிப்பு. அன்பும் அவர்களுடையதல்ல, அளிப்பும் அவர்களுடையதல்ல.

அடுத்த மாதங்களில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். முந்தலில் ஒரு கடைக்காரர், விற்றால் பார்ப்போம் என்று பத்துப் பிரதிகளை வாங்கிச் சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். உடப்பில் திருவிழாவுக்குப் போய் நின்றேன். அங்கே மூன்று பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். என் முகத்தை முன்பின் பார்த்திராத கடற்தொழிலாளிகள், வேறு சமயத்தவர்கள். ஒருவர் என்னெதிரிலேயே வலை வெட்டும் கத்தியால் முதல் மடிப்பை வெட்டி வாசிக்கத் தொடங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சொந்த ஊரில் ஒருவரும் வாங்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் பகல் சாப்பாட்டில் என் மனைவி, "உங்கட கதையில அந்தப் பொண்டு மாமியாரோட பேசுற இடம் இரிக்கே, அதக் கேட்டு அடுத்த தெருவுல எல்லாரும் அழுதாங்களாம்" என்றாள்.

"எந்த எல்லாரும்?"

"பொம்புளயள்தான்."

என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களில் தமிழ் எழுத்துத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களுக்குத் தெரிந்தது குர்ஆன் ஓதப் பழகிய அரபு எழுத்து. அந்த அரபு எழுத்தை வைத்தே தமிழை எழுதுவார்கள், வாசிப்பார்கள். அரபுத் தமிழ் என்று சொல்வோம். கடிதம், பாட்டு, மருந்துக் குறிப்பு எல்லாம் அவர்களுக்கு அதில்தான். பெண்ணின் கதையை எழுதிய நான், அந்தப் பெண்கள் வாசிக்க முடியாத எழுத்தில் அதை அச்சடித்திருந்தேன். அந்த மடைத்தனம் அன்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தோன்றியது வேறு.

பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒரு விதவை அந்தத் தெருவில் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு எழுத்தும் தெரியும். யாருக்கோ நான் கொடுத்த அன்பளிப்புப் பிரதி ஒன்று அவர் கைக்குப் போயிருக்கிறது. முழுக்கதையையும் அவர் அரபுத் தமிழில் கொப்பிகளில் எழுதியிருக்கிறார். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பெண்கள் அவர் வீட்டில் கூடிப் பாய் இழைக்க, அவர் வாசிக்கிறார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது, கலியாணம் முடித்துப் போன பெண்ணோடு புத்தளத்துக்கும் போய்விட்டது.

நான் வெயிலில் பை தூக்கி அலைகிறேன், இவர்கள் பாயில் இருந்துகொண்டு என் கதையை ஓசியில் கேட்கிறார்களா? சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனேன்.

அந்த வீட்டில் திரை போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்திருப்பார்கள். நான் வாசலில் நின்று கத்தினேன். இது என் சொத்து என்றேன். கேட்காமல் எழுதுவது களவு என்றேன். அதோடு விட்டேனா? "ஓதிக்கொடுக்கிற ஆள் நீங்க. களவெடுத்தது ஹராம் எண்டு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

 கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கீழால் ராத்தாவின் மூன்று கொப்பிகளும் வந்தன.

"எங்களுக்கு அது தெரியாமப் போச்சி தம்பி" என்றார் ராத்தா. "மாப்புத் தாங்க."

வெற்றி பெற்றவனாகக் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மனைவி என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, வேறு வேலையில்லாமல் முதல் கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் பெயர், என் வாப்பாவின் பெயர், ஊர் எல்லாம் எழுதி, "இதைக் கேட்கிறவர்கள் எழுதினவருக்காகத் துஆச் செய்யுங்கள்" என்று போட்டிருந்தது. முதலாளி தன் படத்துக்குக் கேட்ட இடம் அது. ராத்தா ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தார். ஒரேயொரு இடத்தில் மட்டும் கை வைத்திருந்தார். புருஷன் இறந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய காலம் இத்தா; கதையில் அந்தப் பெண் பிள்ளை பெற்ற பிறகும் நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை இத்தா இருப்பதாக நான் எழுதியிருந்தேன். ராத்தா ஓரத்தில் எழுதியிருந்தார்: "வயிற்றில் பிள்ளை இருந்தால் பெற்றதோடு இத்தா முடியும். இது இவருக்குப் பிழைத்த இடம். ஆண்பிள்ளைதானே, மன்னித்துக்கொள்ளுங்கள்."

புரொக்டர் மேசையில் தட்டி, பிழையே இல்லை என்று சத்தியம் செய்த விஷயம் இது. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். கொப்பிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு ராத்தா என் மனைவியிடம் மூன்று தடவை சொல்லியனுப்பினார். முதல் தடவை, "சம்மதம் குடுத்து எங்களுக்கு ஹலாலாக்கித் தரச் சொல்லுங்க" என்று. இரண்டாம் தடவை, "நாங்க பத்து வீட்டுக்காரரும் உலை வைக்கிற நேரம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறம். அத வித்து உங்கட புத்தகத்த வாங்குறம். வாசிக்கத் தெரியாட்டியும் பரவாயில்ல, வீட்டுல இரிக்கட்டும்" என்று. பள்ளிவாசலுக்கும் கலியாணமாகாத ஏழைக் குமருக்கும் பிடியரிசி எடுத்து வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். ஒரு கதைக்காக எடுத்து வைத்ததை நான் கேள்விப்பட்டதில்லை. மூன்றாம் தடவை சொல்லியனுப்பியது, "அடுத்த புத்தகத்த எங்கட எழுத்துல, கையால எழுதினதக் கல்லுல ஏத்தி அடிப்பாங்களே, அந்தக் கல்லச்சில அடிங்க. அரிசி சேத்துத் தாறம்" என்று.

நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேளுங்கள். கொழும்பில் ஒரு பத்திரிகைக்குப் பிரதி அனுப்பிவிட்டு, அவர்கள் என்ன எழுதப்போகிறார்கள் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரபுத் தமிழில் அச்சடித்தால் பெண்டுகளுக்கு எழுதுகிறவன் என்று புரொக்டரும் மற்றவர்களும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மடையன் நான்தான். பத்திரிகையில் ஒரு வரியும் வரவில்லை.

ஒரு புத்தகத்துக்கு வாசகர் என்ன செய்யவேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் செய்ததைச் செய்யுங்கள். முழுதாக வாசியுங்கள். எழுதினவன் பெயரைச் சொல்லுங்கள். பிழை கண்டால் அவனிடமே சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கையில் இருப்பதில் ஒரு பிடி எடுத்து வையுங்கள். இதில் ஒன்றுமே செய்யாத பெரிய மனிதர்களுக்கு நான் எழுந்து நின்று கதிரை கொடுத்தேன். எல்லாவற்றையும் செய்தவர்களைக் கள்ளர் என்றேன்.

கோபம் ஆற எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. நோன்பு வந்து பெருநாளும் போனபின், ஒருநாள் பகல் கொப்பிகளை எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அச்சுப் புத்தகத்தில் பத்துப் பிரதிகளை எடுத்து, ஒவ்வொரு மடிப்பையும் நானே வெட்டி, அதையும் கொண்டுபோனேன். உள்ளே ஓலை இழைக்கும் சத்தம் கேட்டது. யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸலாம் சொன்னதும் வாசிப்பு நின்றது.

"ராத்தா, இந்தக் கொப்பியள நீங்களே வைச்சிக்கொள்ளுங்க. நான் ஹலாலாக்கிட்டேன். யாரும் எழுதலாம், யாரும் வாசிக்கலாம். அடுத்த கதைய உங்கட எழுத்துலயே அடிக்கிறேன்."

கொப்பிகளைத் திரைக்குக் கீழால் தள்ளினேன். யாரும் எடுக்கவில்லை.

"அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும் தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். "அரிசிய நோன்புக்குக் கஞ்சி காச்சிக் குடுத்திட்டம்."

"பரவாயில்ல ராத்தா. அரிசி வேணாம். கதைய வாசிங்க, அது போதும்."

"புத்தளத்துக்குப் போன கொப்பியையும் ஆள் அனுப்பி எடுத்து, ஓதுற எழுத்தக் குப்பையில போட ஏலாதெண்டு பாழுங் கிணத்துல போட்டிட்டம். ஹராம் எண்டு நீங்க சொன்ன பொறகு அத வீட்டுல வைக்கப் பயந்தாங்க. இப்ப அந்தக் கதையப் பத்தி இங்க ஒருத்தரும் கதைக்கிறதில்ல."

"நான் கோபத்துல சொன்னது."

"எங்களுக்கு அது எப்படித் தெரியும்? எழுதினவர் நீங்க. நீங்க சொன்னா நாங்க நம்புவம்தானே" என்றார்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருந்து ஒரு பெண், "ராத்தா, வாசிங்களேன்" என்று மெதுவாகச் சொன்னாள். ராத்தா வாசிக்கத் தொடங்கினார். அது யார் எழுதியதோ, எனக்குத் தெரியாது. நல்ல கதையாகத்தான் இருந்தது. பெண்கள் சிரித்தார்கள்.